கேட்டதையே கேட்கலாமா?

கேள்வி: என் கணவர் குடியை விடவேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக ஜெபித்துவருகிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தையும் தவறவிடுவதில்லை. ‘கேட்டதையே கேட்பது விசுவாசக் குறைவு, தாழ்மையுள்ளவர்கள் ஒருமுறை கேட்டுவிட்டுக் கர்த்தருடைய சித்தம் என்று விட்டுவிடுவார்கள்’ என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். நான் செய்வது பிடிவாதமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நரிமேடு, மதுரை.

பதில்: பிடிவாதம் அல்ல, சகோதரி. கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 கூறுகிறது. ‘உம்முடைய சித்தம்’ என்று தம்மை ஒப்புக்கொடுத்ததும் அந்த ஜெபத்திலேதான். வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்று அவர் முன்பு கண்டித்தது, சொற்களை அடுக்கிக் கடவுளை வசப்படுத்திவிடலாம் என்னும் நினைப்பை. திரும்பத் திரும்பக் கேட்கும் மனதை அல்ல.

லூக்கா 18ஆம் அதிகாரம் இரண்டு உவமைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறது. முதலாவது, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நின்ற விதவையின் கதை. நீதி கேட்டு நிற்கும் கைம்பெண் என்றதும் மதுரைக்காரர்களுக்குக் கண்ணகிதான் நினைவுக்கு வருவாள். ஆனால் அவள் கையில் சிலம்பு இருந்தது, கேட்ட பாண்டியனுக்கு மனச்சாட்சியும் இருந்தது, அதனால் ஒருமுறை வந்ததே போதுமாயிற்று. உவமையின் விதவைக்கோ சாட்சியும் இல்லை, சிபாரிசும் இல்லை. மறுபடி வருவதைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. அவள் தன்னை அலட்டிவிடுவாள் என்று நியாயாதிபதி அஞ்சும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல்லுக்குக் கண்ணுக்குக் கீழே குத்துவது என்பதுதான் நேர்ப்பொருள். (இந்த நகைச்சுவை நம் மொழிபெயர்ப்பில் தெரிவதில்லை.) கடவுள் அந்த நியாயாதிபதியைப் போன்றவர் என்பது இதன் கருத்தல்ல, அப்படிப்பட்டவனே இறங்கிவந்தான் என்றால் அன்புள்ள தகப்பன் கேளாதிருப்பாரா என்பதே வாதம்.

இரண்டாவது உவமையில், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான் ஆயக்காரன், அதாவது பாவி என்று ஊரார் ஒதுக்கிய வரி வசூலிப்பவன். சமயச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனோ வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்ததையும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்ததையும் ஒப்பிக்கிறான். கவனித்துப் பாருங்கள், அவன் எதையுமே கேட்கவில்லை. கேட்பதற்குத் தேவை இருப்பதாக அவன் நினைக்கவில்லை. தாழ்மைக்கும் விடாமல் கேட்பதற்கும் உள்ள உறவு எனக்கு இங்கேதான் புலப்பட்டது: தன்னால் ஆகாது என்று அறிந்தவர்தான் மறுபடியும் கேட்பார். மகளுக்காக இயேசுவிடம் வந்த, யூதரல்லாத கானானியப் பெண்ணுக்கு முதலில் மௌனம், பிறகு மறுப்பு, பிறகு பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்ற கடுஞ்சொல் கிடைத்தன. மானம் பார்த்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பாள். அவளோ, மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று அந்தச் சொல்லையே தன் விண்ணப்பமாக்கிக்கொண்டாள்.

அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுமுறை வேண்டினாரே, பிறகு நிறுத்திக்கொண்டாரே என்று அந்த ஜெபக்குழு நண்பர் கேட்கக்கூடும். ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதில் கிடைத்ததால் நிறுத்தினார். உங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆகவே கேளுங்கள். ஆனால், ‘இத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேனே’ என்ற கணக்கு ஜெபத்துக்குள் நுழையும்போது மட்டும் ஆயக்காரனின் பக்கம் திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று: குடிக்கு அடிமையாவது சிகிச்சையால் தணியக்கூடிய நோய். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கணவரை அழைத்துப் பாருங்கள். முதல்முறை வர மறுப்பார். அங்கும் ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடாதீர்கள்.