மச்சான் பேச்சைக் கேட்டு பிஎஸ் 6 வரைக்கும் உக்காந்திருக்கணுமா?

கேள்வி: அண்ணா, 2018-ல வாங்கின சோனி பிளேஸ்டேஷன், பிஎஸ் 4 ஸ்லிம் கேம் கன்சோல் வச்சிருக்கேன், டிஸ்க் ஒரு பதினாலு இருக்கு. இப்ப கேம் போட்டாலே ஃபேன் மிக்ஸி மாதிரி சத்தம் போடுது. போனஸ் காசுல பிஎஸ் 5 வாங்கலாம்னு இருந்தேன். பெங்களூர்ல இருக்குற மச்சான், "இப்ப வாங்குறது வேஸ்ட், பிஎஸ் 6 அடுத்த வருஷமே வந்துரும், 5-ல இனிமே பெருசா ஒண்ணும் வராது"ங்குறாரு. வாங்கவா, பொறுக்கவா? 5-க்கு கடைசியா என்னென்ன வரும், 6 எப்ப வரும்னு உங்களுக்கு என்ன தோணுது?
பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: தம்பி, மச்சான் வீட்டு டிவிக்குக் கீழ இப்ப என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. இந்த "இரு, அடுத்தது வருது"ன்னு சொல்ற ஆளுங்கள்ல பாதிப் பேரு ஏற்கனவே ஒண்ணு வாங்கி வச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளையாடிக்கிட்டேதான் நமக்குப் பொறுமையைப் பத்திப் பாடம் எடுப்பாங்க, நான் பாத்திருக்கேன், நானே எடுத்திருக்கேன்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன், வாங்குங்க. டிஸ்க் போடுற மாடலா வாங்குங்க. ஏன்னு கேட்டா அதுக்கு ஒரு சோகக் கதை இருக்கு.

2013 மே மாசம். பிஎஸ் 4 வரப்போகுதுன்னு பிப்ரவரிலயே அறிவிச்சுட்டாங்க. என்கிட்ட பிஎஸ் 3 இருந்துச்சு. புதுசு வந்துட்டா இதை ஒருத்தனும் சீண்ட மாட்டான், இப்பவே தள்ளி விட்டுருவோம்னு ரொம்பப் புத்திசாலியா யோசிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில டிஸ்க் எல்லாத்தையும் சேத்துக் குடுத்துட்டு வந்தேன், என்ன காசு குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. ஜூன் 14 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'னு ஒரு கேம் வந்துச்சு, பிஎஸ் 3-க்கு மட்டும். செப்டம்பர் 17 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'ங்குற ஜிடிஏ 5, அதுவும் பிஎஸ் 3, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் 360 ரெண்டுக்கும்தான், வரப்போற புது மெஷினுக்குக் கிடையாது. பசங்க எல்லாம் அந்த கேம்ல வர்ற லாஸ் சாண்டோஸ் ஊருல கார் திருடிக்கிட்டிருக்காங்க, நான் சன் டிவி பாத்துக்கிட்டிருக்கேன். பிஎஸ் 4 அமெரிக்காவுல நவம்பர்ல வந்துச்சு, நம்ம ஊருக்கு 2014 ஜனவரி 6, விலை 39,990. ஆசையா வாங்கிட்டு வந்து பாத்தா விளையாட 'நாக்'குன்னு ஒரு கேமும் இன்னும் ரெண்டு மூணும்தான் உருப்படி, 'நாக்'கை உருப்படி லிஸ்ட்ல சேத்ததுக்கே சில பேரு சண்டைக்கு வருவாங்க. கடைசில அதே லாஸ்ட் ஆஃப் அஸ் 2014 ஜூலைல மெருகேத்தி பிஎஸ் 4-க்கு வந்தப்ப முழுக் காசு குடுத்து வாங்கினேன், ஜிடிஏ 5-க்கு நவம்பர் வரைக்கும் காத்துக் கெடந்தேன். பழைய டிஸ்க் புது மெஷின்ல ஓடும்னு வேற நினைச்சிருந்தேன், அதுவும் ஓடல.

அப்ப எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, ஒரு கன்சோலோட கடைசி ரெண்டு வருஷம்தான் அதோட நல்ல வருஷம். புது தோசைக்கல்லுல முதல் நாலு தோசை ஒட்டத்தான் செய்யும், கல்லு பழகுன அப்புறம்தான் மொறுமொறுன்னு வரும், அந்தக் கணக்குதான். பிஎஸ் 3-ல மொத்த மெமரியே 512 எம்பி, அதுலயும் பாதி பிராசசருக்கு பாதி கிராஃபிக்ஸுக்குன்னு பாகம் பிரிச்சு வச்சிருந்தாங்க. உங்க கையில இருக்குற சாதா ஃபோன்லயே 8 ஜிபி இருக்கும். அதுக்கு மேல செல்லுன்னு ஒரு சிப்பு, அதுக்கு கோட் எழுதுறது பெரிய தலைவலின்னு ஆரம்பத்துல கேம் பண்றவங்களே புலம்பினாங்க. அதே பொட்டில ஏழாவது வருஷம் லாஸ்ட் ஆஃப் அஸ் ஓடுச்சு. பொட்டி மாறல, பண்றவங்களுக்குக் கை பழகிருச்சு, அவ்ளோதான்.

"இனிமே ஒண்ணும் வராது"ன்னு மச்சான் சொல்றதுக்கு வருவோம். பழைய கன்சோல் சாகுறதுக்கு நாளாகும் தம்பி. பிஎஸ் 3 வந்து நாலு மாசம் கழிச்சு, 2007 மார்ச்ல 'காட் ஆஃப் வார் 2' வந்துச்சு, வந்தது பிஎஸ் 2-க்கு. அந்த பிஎஸ் 2-ஐ நம்ம நாட்டுல அப்புறமும் விடல, 2009-ல அனுமாரை வச்சு ஹைதராபாத்துல பண்ணின கேம் வந்துச்சு, கபடி எல்லாம் வச்சு 'தேசி அட்டா'ன்னு ஒண்ணு வந்துச்சு. 2013-ல ஃபிஃபா 14 கூட அந்தக் கிழவனுக்கு வந்துச்சு! பிஎஸ் 4 கடைக்கு வந்த அடுத்த மாசமே 'கிரான் டுரிஸ்மோ 6' பிஎஸ் 3-க்கு மட்டும் வந்துச்சு, 2017-ல 'பெர்சோனா 5' பிஎஸ் 3 டிஸ்க்காவும் வித்தாங்க. நீங்க வச்சிருக்குற 4-ஐயே எடுத்துக்கோங்களேன், பிஎஸ் 5 வந்து ரெண்டு வருஷம் கழிச்சு 2022 நவம்பர்லதான் 'காட் ஆஃப் வார் ராக்னராக்' அதுக்கும் வந்துச்சு, 2025 கால் ஆஃப் டூட்டி வரைக்கும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

ஆனா உங்க 4-க்கு இனி பெருசா எதையும் எதிர்பாக்காதீங்க, அங்க மச்சான் மாதிரி நானும் கையை விரிச்சிடறேன். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவுலயே 2026 ஜனவரில இருந்து பிஎஸ் 4 கேம் குடுக்குறது முக்கியமில்லன்னு சோனி ஒரு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க.

5-க்கு வர்றதுல முதல் ஆளு ஜிடிஏ 6-தான், வேற யாரு. முதல்ல 2025ன்னாங்க, அப்புறம் 2026 மே 26ன்னாங்க, இப்ப நவம்பர் 19-ல வந்து நிக்குது. அறிவிச்சிருக்குறது பிஎஸ் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும்தான். 2013-ல நடந்த அதே கதை திரும்ப நடக்கப் போகுதுன்னு எனக்குத் தோணுது, இப்ப 5-ல வரும், அப்புறம் 6 வந்ததும் கொஞ்சம் பளபளப்பு ஏத்தி அதுலயும் ஒரு தடவை விப்பாங்க. ஜிடிஏ 5-ஐ மூணு தலைமுறை கன்சோல்ல வித்த கம்பெனி, இதைச் சும்மா விடுவாங்களா. அது போக இன்சோம்னியாக் கம்பெனி பண்ற 'வுல்வரின்' இருக்கு, லாஸ்ட் ஆஃப் அஸ் பண்ணின நாட்டி டாக் கம்பெனி பண்ற 'இன்டர்கேலக்டிக்' இருக்கு.

இந்த நாட்டி டாக் விஷயத்துல எனக்கு ஒரு சொந்த ஜோசியம் உண்டு. அவங்க ஒரு கன்சோலை நல்லாப் புழிஞ்சு ஒரு கேம் விட்டாங்கன்னா வண்டி கிளம்பப் போகுது, பெட்டி படுக்கையைக் கட்டுன்னு அர்த்தம். பிஎஸ் 1-ல 'கிராஷ் டீம் ரேசிங்' 1999 கடைசில வந்துச்சு, 2000 மார்ச்ல ஜப்பான்ல பிஎஸ் 2. 'லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013 ஜூன்ல, நவம்பர்ல பிஎஸ் 4. ரெண்டாம் பாகம் 2020 ஜூன் 19, நவம்பர் 12-ந் தேதி பிஎஸ் 5. பிஎஸ் 2-வுல மட்டும் இது ஒரு வருஷம் முன்னப் பின்ன ஆச்சு, ஜோசியம்னா நாலுல ஒண்ணு தப்பாதா என்ன. அதனால இன்டர்கேலக்டிக்குக்கு என்னிக்கு தேதி வருதோ அன்னிக்கு நான் பிஎஸ் 6-க்கு உண்டியல்ல காசு போட ஆரம்பிச்சிடுவேன், அது வரைக்கும் யூடியூப்ல எவன் எந்த சிப்பு படத்தைக் காட்டினாலும் அசையறதா இல்ல.

மச்சான் "அடுத்த வருஷமே"ங்குறதும் வெறும் வாய்ப்பேச்சு இல்ல, அவரு கணக்கு எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். பிஎஸ் 3 2006, பிஎஸ் 4 2013, பிஎஸ் 5 2020, எல்லாமே நவம்பர், ஏழு ஏழு வருஷம், அப்ப அடுத்தது 2027 நவம்பர். கணக்கு சரிதான். 2025 அக்டோபர்ல பிளேஸ்டேஷனை வடிவமைக்கிற மார்க் செர்னியும், அதுக்கு சிப்பு பண்ற ஏஎம்டி கம்பெனிக்காரரும் உக்காந்து புது கிராஃபிக்ஸ் சிப்பு நுட்பங்களைப் பத்தி ஒரு வீடியோ போட்டாங்க, லைட்டிங் கணக்கு போடுறதுக்குன்னே தனிப் பகுதி, மெமரி போக்குவரத்தைக் குறைக்க சுருக்குற வித்தைன்னு என்னென்னவோ. ஆனா அதுல கூட சில வருஷத்துல வர்ற ஒரு கன்சோல்னுதான் செர்னி சொன்னாரு, பேரும் சொல்லல வருஷமும் சொல்லல. இன்னொரு பக்கம், 2023-ல அமெரிக்க கோர்ட் வழக்குல வெளிய வந்த மைக்ரோசாஃப்ட் பேப்பர்ல அடுத்த தலைமுறைக்கு 2028ன்னு போட்டிருந்துச்சு. இதுக்கு நடுவுல ஏஐ டேட்டா சென்டருங்க ரேமை எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயி 2025 கடைசில இருந்து மெமரி விலை எகிறிக் கெடக்கு. அந்த விலைக்கு ரேம் வாங்கி ஒரு புது கன்சோலை யாரு அவசரப்பட்டு விடுவா? என்னைக் கேட்டா 2028-தான், அதுக்கு முன்ன வந்தா விலை நம்ம தலையில விடியும். இது என் ஊகம், மச்சான் ஊகத்தை விட ஒண்ணும் உசத்தி இல்ல.

அவரு சொல்ற 2027 நவம்பரே வந்துட்டாலும் நம்ம கைக்கு அன்னிக்கே வராது. பிஎஸ் 4 ஏழெட்டு வாரம் லேட்டு, பிஎஸ் 5 இங்க வந்தது 2021 பிப்ரவரி 2, அப்புறம் மாசக் கணக்குல ஸ்டாக்கே இல்லாம, எவனோ பத்து வாங்கிப் பதுக்கி டபுள் விலைக்கு வித்தான், ஞாபகம் இருக்கா? இன்னும் சக்தி கூட்டின பிஎஸ் 5 ப்ரோ வேற 2024 நவம்பர்ல பல நாட்டுல வந்துச்சு, நமக்கு அப்ப வரல. அதுல இருக்குற வைஃபை பேண்டுக்கு இங்க அன்னிக்கு அனுமதி இல்லன்னுட்டாங்க. அப்படிப் பாத்தா உங்க காத்திருப்பு 2028 நடுவுல போய் முடியும், அதுவும் எல்லாம் நல்லபடியா நடந்தா. வந்தாலும் முதல் வருஷம் விளையாட என்ன இருக்கும்? 'நாக்' மாதிரி ஒண்ணு இருக்கும்.

விலை குறையட்டும்னு காத்திருக்கீங்கன்னா அதையும் விட்டுருங்க. முன்னாடி எல்லாம் கன்சோலுக்கு வயசாக ஆக விலை எறங்கும், இந்தத் தலைமுறையில உலக அதிசயமா ஏறுது. நம்ம ஊருல 49,990-க்கு வந்ததை 2022 நவம்பர்ல 54,990 ஆக்கினாங்க, அமெரிக்காவுல 2025 ஆகஸ்ட்ல இன்னும் 50 டாலர் ஏத்தினாங்க. தீபாவளி சமயம் ஆஃபர்ல ஆயிரக் கணக்குல குறைச்சுக் குடுக்குறாங்க, அந்த மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டா யோசிக்காம அடிச்சிடுங்க, உங்க போனஸும் அப்ப பக்கத்துலதானே வரும்.

டிஸ்க் மாடல்னு ஏன் சொன்னேன்னா அந்த பதினாலு டிஸ்க்குக்காகத்தான். பிஎஸ் 4 கேம் ரொம்ப சொற்பம் தவிர எல்லாமே 5-ல ஓடும், என்னை மாதிரி ஏமாற மாட்டீங்க, ஏன்னா 4-ம் 5-ம் உள்ளுக்குள்ள ஒரே ஏஎம்டி வம்சம், பிஎஸ் 3-ல இருந்து 4-க்குப் போனப்பதான் வம்சமே மாறிப் போச்சு. 6-ம் ஏஎம்டி கூடத்தான் பண்றாங்க, அதனால இப்ப வாங்குற கேம் அங்கயும் ஓடும்னுதான் நான் நம்புறேன். கடையில டிஸ்க் மாடல் இல்ல, டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல்தான் இருக்குன்னா ஸ்லிம் டிஜிட்டல் வாங்கிட்டு, டிரைவ் தனியா கெடைச்சா வாங்கி மாட்டிக்கலாம், முதல் தடவை மாட்டும்போது மட்டும் நெட் வேணும். ப்ரோவை எவனாவது வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து தர்றேன்னா வேணாம்னுடுங்க, ரிப்பேருன்னு வந்தா யாருகிட்ட போவீங்க.

அப்புறம் ஒண்ணு, 5-க்குப் புதுசா என்ன வரும்னு கேக்குறீங்க, ஏற்கனவே வந்ததுல உங்களுக்கு எதுவுமே பழசு இல்லையே! 'ஸ்பைடர்மேன் 2', 'ஆஸ்ட்ரோ பாட்', 'டீமன்ஸ் சோல்ஸ்', 'பால்டர்ஸ் கேட் 3', 'கோஸ்ட் ஆஃப் யோட்டே', 'டெத் ஸ்ட்ராண்டிங் 2', இதுல பாதி இப்ப செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கா கெடைக்குது. பால்டர்ஸ் கேட் 3 ஒண்ணை மட்டும் ஒழுங்கா முடிக்கறதுக்குள்ளயே அடுத்த பொங்கல் வந்துரும். ஆஸ்ட்ரோ பாட்டை முதல்ல ஆரம்பிங்க. 5-ஓட கண்ட்ரோலர் கையில என்னென்ன பண்ணுதுன்னு அதுல தெரியற மாதிரி வேற எதுலயும் தெரியாது.

பிஎஸ் 4-ஐ விக்காதீங்க, பெருசா ஒண்ணும் தேறாது. ஃபேன் சத்தத்துக்கு முக்கால்வாசி காரணம் உள்ள அடைஞ்ச தூசியும் காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்டும்தான், கன்சோல் சர்வீஸ் தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்தா சரி பண்ணிடுவாரு, அக்கா வீட்டுப் பசங்க யாராவது இருந்தா ரெண்டு வருஷம் ஓட்டுவாங்க. குடுக்குறதுக்கு முன்னாடி சேவ் ஃபைல் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணி வச்சுக்குங்க, ராக்னராக் உங்க பதினாலுல ஒண்ணுன்னா அதுக்கு 5-ல ஒரு சின்னக் காசுக்கு அப்கிரேட் இருக்கு, விட்ட இடத்துல இருந்தே ஆடலாம். மச்சான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தார்னா ரெண்டாவது கண்ட்ரோலர் ஒண்ணு தேவைப்படும், அதையும் பட்ஜெட்ல சேத்துக்குங்க.