ஒடம்பே ஹெச்ஐவிய அடக்கிடுமா? – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், குடியாத்தத்துல தறி ஓட்றேன், வயசு 34. ஹெச்ஐவி கண்டுபுடிச்சப்ப சிடி4 (ஹெச்ஐவி அழிக்கிற வெள்ளணுவோட எண்ணிக்கை) 210 இருந்துச்சி, நாலு வருஷமா வைரஸ அடக்குற ஏஆர்டி மாத்திரை சாப்ட்டுகினு இருக்கேன். இப்ப டெஸ்ட்ல வைரஸ் தெரியலன்னு வந்துச்சி. சில பேருக்கு ஒடம்பே அடக்கிடும்னு வீடியோல பாத்தேன். தெனமும் ஒளிச்சு ஒளிச்சு சாப்பட்றது கஷ்டமாகீது. நிறுத்திப் பாக்கட்டுமா?

பதில்: வேணாம் தம்பி. இன்னைக்கி மாத்திரைய போட்டுட்டு மீதிய படிங்க.

வீடியோ சொன்னது பொய் இல்ல. 'எலீட் கன்ட்ரோலர்'னு சொல்வோம், மருந்தே தொடாம ஒரு மில்லி ரத்தத்துல வைரஸோட நகல் 50க்கு கீழயே இருக்குற மாதிரி வச்சிருப்பாங்க. ஆனா ஹெச்ஐவி இருக்குறவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் கூட தேற மாட்டாங்க.

சிடி8னு ஒரு வெள்ளணு இருக்கு, வைரஸ் புகுந்த செல்ல கண்டுபுடிச்சி கொல்றதுதான் அதோட வேலை. புகுந்த வைரஸோட புரதத்துல ஒரு துண்ட எடுத்து, ஹெச்எல்ஏங்கற பிடியில வச்சு அந்த செல்லே வெளிய காட்டும், அத பாத்துதான் சிடி8 அடிக்கும். ஹெச்ஐவி லேசுபட்டது இல்ல, அந்த துண்ட மாத்திக்கினே இருக்கும், சிடி8 ஏமாந்துடும். பொறப்புலயே ஹெச்எல்ஏ பி57, பி27 வகை இருக்குறவங்க சில பேருக்கு, வைரஸ் சுலபமா மாத்த முடியாத துண்டா பாத்து வெளிய காட்டும். உங்களுக்கு தறி தெரியும்ல, ஊடை நூல்ல கலர் மாத்துனா லுங்கி லுங்கியாவே இருக்கும், நீளமா ஓட்ற பாவு நூலையே அறுத்துட்டா துணி ஏது? அந்த மாதிரி துண்ட மாத்துனா வைரஸுக்கும் அதே கதிதான், நொண்டியாயிடும். ஆனா இந்த வகை இருந்தும் அடங்காதவங்க நெறைய பேர், இல்லாமயே அடக்குறவங்களும் இருக்காங்க. 2020ல வந்த ஆராய்ச்சியில 64 எலீட் கன்ட்ரோலர்கள பாத்தாங்க, பல பேருக்கு வைரஸோட ஜீன், அது புகுந்த செல்லோட டிஎன்ஏல, செல் படிக்கவே படிக்காத மூலையில போய் கெடக்குது, போகல, ஆனா எழுந்திரிக்க முடியல.

இப்ப உங்க விஷயம். சிடி4 210க்கு எறங்குனதே உங்க ஒடம்பு தனியா அடக்கலன்னு காட்டுது. இன்னைக்கி வைரஸ் தெரியலன்னா அது மாத்திரை செஞ்ச வேலை. நிறுத்துனா பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலயே திரும்பிடும். 2006ல வந்த ஸ்மார்ட் ஆய்வுல 5,000 பேருக்கு மேல பாத்தாங்க, விட்டு விட்டு சாப்ட்டவங்களுக்கு நோயும் சாவும் கூடுதலாச்சு, மாரடைப்பு கூட. என்கிட்ட ஒருத்தர் ஒரு வருஷம் நிறுத்திட்டு வந்தார், வாய் பூரா வெள்ள படிஞ்சு எச்சில் முழுங்க முடியல, அந்த மொகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. நெஜமான கன்ட்ரோலருக்கே உள்ளுக்குள்ள அழற்சி ஓடிகினே இருக்கும், அதனால அவங்களுக்கும் மாத்திரை சொல்ற டாக்டர்ங்க உண்டு.

1986ல சென்னையில எடுத்த ரத்தத்த நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணிதான் நாட்டுல ஹெச்ஐவி இருக்குன்னே தெரிஞ்சது. அப்ப குடுக்க மாத்திரை இல்ல. 2004லதான் அரசு இலவசமா குடுக்க ஆரம்பிச்சது, அதுக்குள்ள எத்தன பேர் போய்ட்டாங்க. உங்க கையில இருக்கு, விடாதீங்க. ஒழுங்கா சாப்ட்டு வைரஸ் தெரியாமயே இருந்தா உறவு மூலமா வீட்டுக்காரம்மாவுக்கும் பரவாது.

ஒளிச்சு சாப்பட்ற கஷ்டத்த ஏஆர்டி சென்டர் கவுன்சிலர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, உங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 சட்டமே இருக்கு. நேர்ல போக சங்கடமா இருந்தா 1097க்கு போன் போடுங்க, காசு ஆகாது.