விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார் மீது உண்மையிலேயே ஆசை வருமா?

வரும். டேன்எலக்ட்ரோ கிட்டாரைப் பாருங்கள். நேதன் டேனியல் 1950களில் அமெரிக்காவில் செய்தது. உள்ளே ஒரு மரச்சட்டம், முன்னும் பின்னும் மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த ஹார்ட்போர்டு. உடம்பு அவ்வளவுதான். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பின் காந்தமும் கம்பிச்சுருளும் உட்கார்ந்திருப்பது லிப்ஸ்டிக் குழாய்க்குள்! அமெரிக்காவின் சியர்ஸ் கடைகள் இவற்றை சில்வர்டோன் என்ற பெயரில் விற்றன. 1960களில் வந்த ஒரு மாடலுக்கு கிட்டாரை வைத்து எடுத்துச் செல்லும் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயர். மணியடித்தாற்போன்ற அந்தத் தெளிவான ஒலி மேல் எனக்குத் தீராத ஆசை. லெட் செப்பெலின் ராக் இசைக்குழுவின் ஜிம்மி பேஜே மேடையில் டேன்எலக்ட்ரோவை வாசித்திருக்கிறார்.

சரி, நீங்கள் வாங்கும்போது ஃப்ரெட் முனைகள், அதாவது கழுத்துப் பகுதியான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனைகள், கையைக் கீறுகின்றனவா என்று நெக்கின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தந்தி உயரமாக இருந்தால், உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் இறக்கிக்கொள்ளலாம், அப்புறம் புதுத் தந்தி போடுங்கள். நெக் முறுக்கியிருந்தால் மட்டும் வேண்டாம்.