அம்மாவின் கண்ணில் கோராய்டு விலகல்: பதில்

வணக்கம். டர்பனில் அம்மாவுக்கு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) அறுவை முடிந்த ஆறாம் நாள், கண் அழுத்தம் 4 mmHg, கோராய்டு (விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலம்) விலகியிருக்கிறது என்றார்களாம். பார்வை போய்விடுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில், இது விழித்திரை விலகல் இல்லை. கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 வரை. அது இவ்வளவு இறங்கும்போது கோராய்டின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, கோராய்டுக்கும் வெள்ளை விழிக்கும் நடுவே தேங்கி, கோராய்டை உள்பக்கமாக மேடாகத் தள்ளுகிறது. ஓரத்தில் அம்மா பார்க்கும் கரிய நிழல் அந்த மேடுதான். அழுத்தம் ஏறினால், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வற்றிவிடும்.

பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து போட்டால் கிட்டப்பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் புட்டியைக் குலுக்கிவிட்டுப் போடுங்கள். இரண்டு மருந்துக்கும் நடுவே 5 நிமிடம். பலர் தவறுவது இங்கேதான்: கண் அழுத்தத்தைக் குறைக்கும் பழைய டிமோலால் சொட்டு மருந்தை மறு கண்ணுக்குத் தொடரலாம், அறுவை செய்த கண்ணில் பட்டால் அழுத்தம் இன்னும் இறங்கும். புட்டிகளில் 'வலது', 'இடது' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

குனிவது, முக்குவது, பளு தூக்குவது கூடாது. தைப்பூசக் காவடியா? இந்த வருஷம் முருகன் பொறுத்துக்கொள்வார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திடீரென்று கடும் வலி, குமட்டல், பார்வை இருட்டல் வந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம்; அன்றைக்கே, ராத்திரியானாலும், கண் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் மேடுகள் எழும்பி நடுவில் தொட்டுக்கொண்டாலோ, லென்ஸ் முன்னால் வந்து கருவிழியில் (கார்னியாவில்) இடித்தாலோ சிறு வெட்டுப் போட்டு நீரை வடிப்பார்கள்.