மாட்டின் குணத்தைத் திருத்தும் வேலைக்கு என்ன படிக்கலாம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிந்தன. இறைச்சி மாடுகளைச் சாதுவாக்கும் இனவிருத்தி வேலைக்குத்தான் போவேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள். அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா என்பது ஒன்று, மாடு முட்டிவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். முதலாவதற்கான பதிலும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

மாடு முட்டும், உதைக்கும், வேலியோடு சேர்த்து ஆளை நசுக்கும். கறவை மாடு தினமும் இரண்டு வேளை மனிதக் கை படுவது. இறைச்சி மாடு அப்படியில்லை. பெரிய மேய்ச்சல் பண்ணைகளில் தடுப்பூசி, எடை பார்ப்பது, கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது என்று வருடத்தில் சில நாட்கள்தான் அது ஆள் முகத்தைப் பார்க்கிறது. அன்றைக்கு மிரண்டால் ஐந்நூறு கிலோ மிரள்கிறது என்று அர்த்தம். நஷ்டம் அதோடு நிற்பதில்லை. மிரளும் சுபாவமுள்ள மாடு, அதே தீனியைத் தின்னும் சாதுவான மாட்டைவிட மெதுவாகத்தான் எடை ஏறும். வெட்டுக்கு முன் பதற்றப்பட்டால் தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோய், இறைச்சியில் போதிய அமிலத்தன்மை உருவாகாமல் நிறம் கறுத்துவிடும். அந்த இறைச்சிக்கு விலை குறைவு. உங்களைப் பயமுறுத்துகிற அதே விஷயம் பண்ணைக்காரரின் பணத்தையும் தின்கிறது. அதனால்தான் இதைச் சரிசெய்யத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறது.

சரி, குணத்தை இனவிருத்தியால் மாற்ற முடியுமா? முடியும். ஒரே மந்தையில் மாட்டுக்கு மாடு தெரிகிற குண வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பரம்பரையிலிருந்து வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சினை பிடிக்கும் திறன் போன்றவற்றில் இந்தப் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டுவதே அரிது. அதோடு ஒப்பிட்டால் இது தாராளம். லிமோசின் என்ற இறைச்சி மாட்டு இனத்துக்கு வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் முரட்டு மாடு என்ற கெட்ட பெயர் இருந்தது. அங்கே அந்த இனத்தை வளர்ப்பவர்களின் சங்கம் (இனச் சங்கம்) 1990களில் காளைகளுக்குச் சாதுத்தன்மை மதிப்பு, அதாவது அவற்றின் கன்றுகள் எவ்வளவு சாதுவாக இருக்கும் என்ற கணிப்பு, கணக்கிட ஆரம்பித்தது. வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துக் காளை தேர்ந்தெடுத்தார்கள். சில தலைமுறைகளில் அந்தப் பெயர் பெருமளவு மாறியது.

மகள் சேரப் பார்க்கும் கூட்டம் இதுதான். இனச் சங்கங்கள், சினை ஊசி நிறுவனங்கள், மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், பல்கலைக்கழகங்கள், பெரிய பண்ணைகளுக்கு ஆலோசனை சொல்பவர்கள் ஆகியோர்தான் இந்தப் படிப்புக்கு வேலை தருபவர்கள். கூட்டம் சின்னது, மறைக்க மாட்டேன். ஆனால் குணத்துக்குச் செய்யும் அதே கணக்கைத்தான் எடைக்கும், பாலுக்கும், ஆட்டுக்கும், கோழிக்கும் செய்கிறார்கள். கற்றது வீணாகாது.

அந்தக் கணக்கில்தான் மாட்டுப் பிரியர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். கூண்டில் தலையைப் பிடித்து நிறுத்தியதும் மாடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவது வழக்கம். 1 என்றால் சாது, 6 என்றால் ஆளைத் தாக்க வருவது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1980களில் வேறொரு வழி காட்டினார்கள். கூண்டைத் திறந்ததும் முதல் ஓரிரண்டு மீட்டரை மாடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று ஒளிக்கதிர் வைத்து அளந்தார்கள். மிரண்டது பாயும், சாது நடந்து போகும். இதுவரை எளிது.

இப்போது ஒரு பண்ணைக்காரர் எல்லாக் கன்றுக்கும் 1 போட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தன் மாட்டின் மேல் அத்தனை பெருமை. அந்தத் தாளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வித்தியாசமே இல்லாத இடத்தில் எந்தக் காளை நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொருவர், வேலி தாண்டிய கன்றுகளை மதிப்பெண் போடும் முன்பே விற்றுவிடுகிறார். அவற்றின் தகப்பன் காளை தாளில் பசுவைப்போல் சாதுவாகத் தெரிகிறது. ஒரு மந்தையைக் காலையில் நிதானமாக ஓட்டி வந்திருப்பார்கள், இன்னொன்றை நாய் விட்டுத் துரத்தி வந்திருப்பார்கள். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. ஒரே வயது, ஒரே வளர்ப்பு, ஒரே நாள், மதிப்பெண் போடுவதும் ஒரே ஆள் என்றால்தான் ஒப்பீடு செல்லும். இந்தக் குழப்பங்களைப் பிரித்தெடுத்து, மிச்சத்தில் பரம்பரையின் பங்கை மட்டும் தேடுவதுதான் இந்த வேலை. பாதி துப்பறிதல், மீதி புள்ளியியல்.

அதனால் என் யோசனை இது. இளநிலையில் கால்நடை மருத்துவமோ விலங்கு அறிவியலோ எடுக்கலாம். சிகிச்சையில் ஆர்வம் இல்லையென்றால் இரண்டாவதே போதும். முதுநிலையில் விலங்கு மரபியல், இனவிருத்தி. எதைப் படித்தாலும் புள்ளியியலையும் கொஞ்சம் நிரல் எழுதுவதையும் விடக்கூடாது. ‘கணக்கு வராது, அதனால் உயிரியல்’ என்று சொல்கிற பிள்ளையாக இருந்தால், இந்தப் பாதை வேண்டாம் என்றே சொல்வேன்.

நேர்வழி தவறினாலும் பதற வேண்டாம். மாடுகளை மிரளாமல் கையாள்வதில் உலகறிந்த பெயர் டெம்பிள் கிராண்டின். அவர் முதலில் பட்டம் வாங்கியது உளவியலில், 1970இல். விலங்கு அறிவியல் முனைவர் பட்டம் 1989இல்தான் வந்தது. நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே இருக்கும் மாடுகள் கூடுதலாகப் பதறுவதைக் கவனித்துச் சொன்ன குழுவிலும் அவர் இருந்தார். (சுழியை மட்டும் பார்த்துக் காளை வாங்கக் கூடாது, அது வேறு விஷயம்.)

முட்டுவதைப் பற்றி இன்னும் ஒன்று. ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை. வருடம் முழுக்க அமைதியாக இருந்த பசுவும் கன்று ஈன்ற கையோடு பாயும். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, தோளுக்குப் பின்பக்கம் நின்றால் முன்னே நகரும், வெளியேறும் வழி தெரியாமல் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் பண்ணையில் பழகியவரிடம் கற்றுக்கொண்ட பிறகே உள்ளே போக வேண்டும். பயிற்சியில்லாமல் உள்ளே அனுப்புகிற இடமாக இருந்தால் அனுமதிக்காதீர்கள்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் அவள் ஒரு காரியம் செய்யட்டும். கன்று பிரிக்கும் நாளில் ஒரு பண்ணையில் வேலிக்கு வெளியே நின்று, நாற்பது கன்றுகளுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண் போடட்டும். அங்கே வேலை பார்க்கும் ஒருவரும் அவள் தாளைப் பார்க்காமல் தனியே போடட்டும். அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே வேறுபட்டது, ஏன் என்று அவளே ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும். அதைப் படித்துவிட்டு எந்தக் கல்லூரி என்று பேசுவோம்.