நோலனின் 'இன்சோம்னியா'வுக்கு மூலப்படம் எடுத்த நார்வே இயக்குநர் அப்புறம் என்ன செய்தார்?

நானும் நோலன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூலத்தைத் தேடிப் போனேன். எடுத்தவர் எரிக் ஷோல்ட்பியார்க். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள ட்ரோம்சோவில் 1964இல் பிறந்தவர். 1997இல் வந்த 'இன்சோம்னியா' அவருடைய முதல் முழுநீளப் படம்.

அந்தப் பக்கத்தில் கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறையாது. கொலையை விசாரிக்க வரும் ஸ்வீடன் போலீஸ்காரர் மூடுபனியில் தவறுதலாகக் கூட வந்தவரையே சுட்டுவிட்டு, அதை மறைக்கப் பார்க்கிறார். அறை ஜன்னலை என்னதான் மூடினாலும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். குற்றப்படம் என்றால் இருட்டும் மழையும் என்று பழகிய எனக்கு அந்த வெயில்தான் பயத்தைக் கொடுத்தது.

2002இல் நோலன் இந்தக் கதையை அலாஸ்காவுக்குக் கொண்டுபோனார். தடயத்தை மாற்ற நாயகனுக்கு ஒரு தோட்டா வேண்டும். அல் பச்சீனோ செத்துக்கிடக்கும் நாயின் உடலில் சுடுவார். மூலத்தில் ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட் உயிருள்ள நாயையே கொன்றுவிடுவார். ஷோல்ட்பியார்க் தன் நாயகனுக்காக நம்மிடம் இரக்கம் கேட்பதே இல்லை. அதனால்தான் எனக்கு மூலம் ஒரு படி மேல்.

பிறகு அமெரிக்கா போய் கிறிஸ்டினா ரிச்சியை வைத்து 'ப்ரோசாக் நேஷன்' எடுத்தார். 2001இல் டொராண்டோ விழாவில் திரையிட்டும், அமெரிக்கத் தியேட்டர்களில் அது ஒழுங்காக வெளிவரவில்லை. ஊர் திரும்பியதும்தான் அவருடைய சிறந்த காலம் என்பேன். 2004இல் ஸ்டாவாங்கர் நகரை உலுக்கிய பணக்கொள்ளையை, நடந்த இடத்திலேயே 'நோகாஸ்' (2010) என்று படமாக்கினார். வடகடல் எண்ணெய்க்காக ஆழத்தில் இறங்கிய முக்குளிப்பவர்களைப் பற்றியது 'பயனியர்' (2013).

தொலைக்காட்சியில் அவர் பெயர் சொல்வது 2015இல் தொடங்கிய 'ஒக்குபெர்ட்'. மூல யோசனை நாவலாசிரியர் யூ நெஸ்போவுடையது. தொடராக வளர்த்தவர்களில் ஷோல்ட்பியார்க் ஒருவர், இயக்கவும் செய்தார். பருவநிலையைக் காக்க நார்வே எண்ணெய், எரிவாயு உற்பத்தியை நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சம்மதத்தோடு ரஷ்யா உள்ளே வருகிறது. போரே இல்லை, கையெழுத்துகள்தான். ஒவ்வொரு சமரசமும் அந்த நேரத்தில் நியாயமாகவே படும். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு மறுபடி பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதே 2022இல் வந்த 'நார்விக்', 1940இல் நாஜிகளிடமிருந்து மீட்கப்பட்ட வட நார்வே துறைமுகத்தின் கதை. நீங்கள் 1997 படத்தில் தொடங்குங்கள். அதைப் பார்த்த கையோடு 'ஒக்குபெர்ட்' முதல் பருவம்.