கதவு எப்போது சாத்தப்படுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூயார்க்கில் வாழ்கிறேன். எந்தக் கட்சியின் பெயரிலும் பதிந்துகொள்ளவில்லை. அதனால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரித் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. அதை நடத்தும் செலவில் மட்டும் என் வரிப்பணம் இருக்கிறது. எல்லோருக்கும் திறந்த பிரைமரிதான் நியாயம். கட்சியில் பதிந்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் மூடிய பிரைமரியிலும் நியாயம் உண்டு என்று நீங்கள் எழுதியதை ஏற்க முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் ஒரு கட்சியின் வேட்பாளரை அந்தக் கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. 2012-இல் மிச்சிகனில் எந்தக் கட்சிக்காரரும் வாக்களிக்கக்கூடியதாகக் குடியரசுக் கட்சியின் பிரைமரி நடந்தபோது, அதில் போட்டியிட்ட ரிக் சாண்டோரம் தரப்பு எதிர்க்கட்சியினரின் வீடுகளுக்கே தொலைபேசி அழைப்பு விடுத்து, சக போட்டியாளர் மிட் ராம்னிக்கு எதிராக வாக்களிக்கும்படி கேட்டது. ராம்னிதான் வென்றார். என்றாலும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் உரிமையை நாம் கேட்கலாமா?

உங்கள் மாநிலத்தில் கட்சிக்காரர் ஆவதற்குச் சந்தா இல்லை. வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் குறித்தால் போதும். எனவே நான் கவனிப்பது கதவு எந்த நாளில் சாத்தப்படுகிறது என்பதை. அங்கே 2016 ஏப்ரல் 19 அன்று அதிபர் வேட்பாளருக்கான பிரைமரி. கட்சி மாற்றிப் பதியக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9! ஆறு மாதத்துக்கும் மேலான இடைவெளி. டொனால்ட் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும்கூட அந்த நாளைத் தவறவிட்டுத் தந்தைக்கு ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். அநியாயம் அந்தத் தேதியில் இருந்தது. பின்னர் கெடுவைப் பிப்ரவரி 14-க்கு நகர்த்தினார்கள். மற்றப் பதவிகளுக்கு ஜூனில் நடக்கும் பிரைமரிக்கு அதுவும் நீண்ட காலம்தான்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம், சில மாநிலங்களில் பிரைமரிக்குப் பதிலாக நடக்கும் காக்கஸ். குறித்த நேரத்தில் நேரில் போய், மணிக்கணக்கில் இருந்து, அக்கம்பக்கத்தார் பார்க்க ஆதரவைச் சொல்லும் கூட்டம் அது. வேலையில் இருக்கும் செவிலியர் என்ன செய்வார்? கைக்குழந்தைக்காரி? வாஷிங்டன் மாநிலத்தில் 2016 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 2,30,000 பேர். அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸுக்கு ஏறத்தாழ 73 சதவீதம். மே மாதம் அதே கட்சிக்கு அங்கே தபால் ஓட்டில் பிரைமரியும் நடந்தது. அதன் முடிவு கணக்கில் சேராது என்று தெரிந்தும் 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள். வென்றவர் அவருடைய போட்டியாளர் ஹிலாரி கிளிண்டன். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்வுசெய்யும் பிரதிநிதிகளோ காக்கஸ் கணக்குப்படியே பிரிக்கப்பட்டார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பெரும்பாலோரால் வரமுடியாத நேரத்தைக் குறிப்பது என்ன திறப்பு? 2020-இல் அந்த மாநிலம் பிரைமரிக்கு மாறியது எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

ஓரிடத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் வருகிறேன். டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி, தான் ஒரு தனியார் சங்கம் என்று வாதிட்டுக் கறுப்பின மக்களைப் பிரைமரிக்குள் விடாமல் வைத்திருந்தது. 1935-இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. அக்காலத்தில் அங்கே பிரைமரியில் வென்றவர்தான் பதவிக்கு வருவார். நவம்பரில் நடந்த பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில், 1944-இல்தான் அந்தத் தடை உடைந்தது. நிறத்தைச் சொல்லி விரட்டிய அந்தக் கொடுமையையும் உங்கள் குறையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஒரே கட்சி கோலோச்சும் ஊரில் பிரைமரிதான் உண்மையான தேர்தல் என்ற பாடம் உங்கள் நகரத்தின் பெரும்பகுதிக்கும் பொருந்துகிறது. அங்கே உங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அது வரும்வரை, பிப்ரவரி 14-க்கு முன் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்